குடவோலையை வச்சே கத்துக்கலாம்: முதன்மைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று – ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருஷம் எங்க அக்கா பொண்ணு காலேஜ் ஹிஸ்டரி ப்ராஜெக்டுக்கு குடவோலை முறையை எடுத்தா, அதாவது பேர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டு எடுத்து ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த சோழர் கால முறை. எழுதி முடிச்சுட்டு "மாமா, ஒரு தடவ பாத்துக் குடுங்க"ன்னு அனுப்பினா, பன்னெண்டு பக்கம், நீட்டா டைப் பண்ணி, கடைசில ஆறு லிங்க். முதல் பக்கத்துலயே "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல எல்லா மக்களும் ஓட்டுப் போட்டு தலைவரைத் தேர்ந்தெடுத்தாங்க"ன்னு இருந்துச்சு. இது எங்கேர்ந்து எடுத்தம்மான்னு கேட்டேன். "ஆறு இடத்துலயும் அப்படித்தான் மாமா போட்டிருக்கு"ன்னா. ஆறையும் தொறந்து பாத்தா அஞ்சுல ஒரே பத்தி, கமா கூட மாறல. ஆறு சாட்சின்னு அவ நெனச்சது உண்மையில ஒரே ஆள் ஆறு சட்டை மாத்திட்டு வந்து நின்ன மாதிரிதான்.

அவ மேல தப்பில்ல, யாரும் அவளுக்கு சொல்லித் தரல. பரிட்சைல "முதன்மைச் சான்று என்றால் என்ன, இரண்டு மதிப்பெண்"னு கேப்பாங்க, எழுதிட்டுப் போயிடுவோம், ஆனா கையில ஒரு விஷயம் கெடச்சா அதை எப்படி சோதிக்கிறதுன்னு எந்த கிளாஸ்லயும் உக்காந்து செஞ்சு பாத்ததில்ல. அதனால அன்னிக்கு அவளுக்கு நான் ரெண்டு மணி நேரம் சொன்னதையும், அப்புறம் சேந்து தேடினதையும் இங்க வரிசையா எழுதறேன். உதாரணத்துக்கு உத்திரமேரூரையே வச்சுக்கறேன், ஏன்னா நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கல்வெட்டு, ஆனா படிச்சவங்க ரொம்பக் கம்மி.

மொதல்ல பேரு குழப்பத்தை தீத்துடுவோம்

நீங்க எந்த காலத்தைப் பத்தி கேக்கறீங்களோ அந்தக் காலத்துலயே, அந்த விஷயத்துல சம்பந்தப்பட்டவங்க கிட்டேர்ந்தே வந்தது முதன்மைச் சான்று. கல்வெட்டு, செப்பேடு, காசு, கடிதம், டைரி, கோர்ட் வாக்குமூலம், கணக்குப் புத்தகம், போட்டோ, அன்னிக்கு வந்த நியூஸ்பேப்பர், எல்லாம் இதுல சேரும். அதையெல்லாம் படிச்சுட்டு பின்னாடி ஒருத்தர் ஆராஞ்சு எழுதினா அது இரண்டாம்நிலை. இந்த இரண்டாம்நிலை புக்கெல்லாத்தையும் சுருக்கி எழுதற பாடப்புத்தகம், கலைக்களஞ்சியம், விக்கிப்பீடியா இதெல்லாம் மூணாவது அடுக்கு.

இங்கதான் நெறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. பழசா இருந்தா முதன்மை, புதுசா இருந்தா இரண்டாம்நிலைன்னு நெனச்சுக்கறாங்க. அப்படி இல்ல, நீங்க கேக்கற கேள்விதான் அதை முடிவு பண்ணுது. வெங்கய்யான்னு ஒரு கல்வெட்டு அறிஞர், இந்திய தொல்லியல் துறையோட 1904-05 ஆண்டறிக்கைல இந்த உத்திரமேரூர் கல்வெட்டுகளை மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். "சோழர் காலத்துல சபை எப்படி நடந்துச்சு"ன்னு நீங்க கேட்டா வெங்கய்யா எழுதினது இரண்டாம்நிலை. "வெள்ளைக்காரன் ஆட்சில இருந்த படிச்ச இந்தியர்கள் பழைய கிராம ஆட்சியை எப்படிப் பாத்தாங்க"ன்னு கேட்டா அதே கட்டுரை முதன்மை! பேப்பர் மாறல, கேள்வி மாறிடுச்சு. அதனால ஒரு புக்கைக் காட்டி இது எந்த வகைன்னு கேட்டா, நீங்க திருப்பி "எந்தக் கேள்விக்கு?"ன்னுதான் கேக்கணும்.

ஸ்டெப் 1: கேள்வியை சின்னதாக்குங்க

"சோழர் காலத்துல ஜனநாயகம் இருந்துச்சா"ங்கறது கேள்வி இல்ல, பட்டிமன்றத் தலைப்பு. அதுக்கு எந்த சான்றும் நேரா பதில் சொல்லாது. அதை ஒடைங்க. உத்திரமேரூர்ல வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலைகளைப் பாத்துக்கிட்ட குழுவுக்கு, யார் வரலாம், யார் வரக்கூடாது, எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, எவ்வளவு நாள் பதவி, யார் மேற்பார்வை. இப்படிக் கேட்டா ஒவ்வொண்ணுக்கும் கைய வச்சுக் காட்டற மாதிரி ஒரு வரி கெடைக்கும், இல்ல கெடைக்காதுன்னாவது தெரியும். எங்க அக்கா பொண்ணு கடைசில "வாரியத்துக்குத் தகுதி யாருக்கு"ன்னு ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டா. பன்னெண்டு பக்கத்துக்கு அதுவே போதும், மிஞ்சும்.

ஸ்டெப் 2: ஆரம்பம் இரண்டாம்நிலைல, ஆனா அங்கயே தங்கிடாதீங்க

நேரா கல்வெட்டுக்குப் போயிடணும்னு ஆசையா இருக்கும், ஆனா பத்தாம் நூற்றாண்டு வட்டாரச் சொல்லும் கிரந்த எழுத்தும் சமஸ்கிருதமும் கலந்து கெடக்கற வரியை முதல் நாளே படிச்சா ஒண்ணும் புரியாது. அதனால நம்பகமான ஒரு ஆராய்ச்சி புக்கை எடுத்து அந்த விஷயத்தோட வரைபடத்தை மனசுல போட்டுக்கோங்க. உத்திரமேரூருக்கு வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரி 1932ல எழுதின சோழர் ஆட்சி பத்தின கட்டுரைத் தொகுப்பு இருக்கு, அப்புறம் பிரான்சுவா குரோவும் நாகசாமியும் சேந்து 1970ல பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மூலமா ஃப்ரெஞ்சுல கொண்டு வந்த புத்தகம் இருக்கு.

நம்பகமானதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அட்டையைப் பாக்காதீங்க, எழுத்தாளர் டிவில வந்தாரான்னு பாக்காதீங்க. பக்கத்துக்கு அடில பாருங்க. ஒவ்வொரு முக்கியமான கூற்றுக்கும் கீழ "இந்தக் கல்வெட்டு, இந்தத் தொகுதி, இந்த எண்"ன்னு கொடுத்திருந்தா அவர் உங்களை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போறார், போய் நீயே பாத்துக்கோன்னு சொல்றார். "வரலாற்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்"னு மட்டும் இருந்தா, யாரு, எங்க, எப்பன்னு இல்லாம, புக்கை மூடி வச்சுடுங்க. நான் இதுல ரொம்ப கறாரா இருப்பேன், ஏன்னா நம்ம ஊர் வரலாறு இவ்வளவு குழம்பிப் போனதுக்கு அந்த ஒத்தை வாக்கியம் பெரிய காரணம்.

ஸ்டெப் 3: அடிக்குறிப்பைப் புடிச்சுக்கிட்டு சுவர் வரைக்கும் போங்க

இந்த ஸ்டெப்பை முக்காவாசி பேர் தாண்டிக் குதிச்சுடறாங்க. உத்திரமேரூர் கல்வெட்டுக்கும் உங்க போனுக்கும் நடுவுல எத்தனை கை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. சபை கூடி முடிவெடுத்தது, அதை மத்தியஸ்தன்ங்கற ஊர் அலுவலர் எழுதினது, சிற்பி கல்லுல வெட்டினது, ஆயிரம் வருஷம் கழிச்சு கல்வெட்டுத் துறைக்காரங்க ஈரத் தாளை ஒத்தி மைப்படி எடுத்தது, அந்த மைப்படியை ஒருத்தர் படிச்சு எழுத்துக்கு எழுத்து பேர்த்தெழுதினது, அது தென்னிந்தியக் கல்வெட்டுகள்ங்கற அரசுத் தொகுதிகள்ல அச்சானது, இங்கிலீஷ்ல மொழிபெயர்ப்பு, அதை வச்சு ஆராய்ச்சி புக்கு, அதைச் சுருக்கி பாடப்புத்தகம், அதைச் சுருக்கி ப்ளாக், அதை இன்னும் சுருக்கி வாட்ஸப் ஃபார்வர்டு.

ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் கொட்டிடும். கல்வெட்டுல "காணிலத்துக்கு மேல் இறைநிலம்" வச்சிருக்கணும்னு வருது, அதாவது வரி கட்டற நிலம் கால் அளவுக்கு மேல. அறிஞர்கள் அதைக் கால் வேலின்னு எடுத்துக்கறாங்க (வேலிங்கறது பழைய நில அளவு). சுருக்கற புக்குல "நிலம் வைத்திருக்க வேண்டும்"னு ஆகுது. அடுத்ததுல "சில தகுதிகள் இருந்தன". கடைசில "எல்லா மக்களும்". யாரும் வேணும்னு பொய் சொல்லல, ஒவ்வொருத்தரும் ஒரு சொல்லை மட்டும் விட்டாங்க, அவ்வளவுதான், ஆனா கடைசில வந்து நிக்கிறது நேர் எதிரான அர்த்தம்.

அதனால அடிக்குறிப்புல இருக்கற எண்ணை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு படியா பின்னாடி போங்க. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890லேர்ந்து வருது, பழைய தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஸ்கேனா கெடைக்குது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல பழைய தமிழ்ப் புத்தகங்கள் நெறைய இருக்கு. சென்னைல இருந்தா எழும்பூர்ல ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணில ரோஜா முத்தையா நூலகமும் இருக்கு. ஈழத்துப் பதிப்புகளுக்கு நூலகம் இணையத்தளம். முதல் தடவ ஆவணக் காப்பகத்துக்குப் போறவங்க பயப்பட வேண்டாம், என்ன தேடறோம்னு ஒரு பேப்பர்ல தெளிவா எழுதிக்கிட்டுப் போங்க. காலேஜ்லேர்ந்து ஒரு லெட்டரும் வாங்கிக்கிட்டா வேலை சுலபமாகும்.

ஸ்டெப் 4: மூலத்தை மெதுவா, முழுசா படிங்க

வரி வரியா, நடுவுல எதையும் தாண்டாம. நமக்கு வேண்டிய வரியை மட்டும் புடுங்கிக்கிட்டு ஓடற பழக்கம் இருக்கு பாருங்க, அதை விட்டுடணும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கற ரெண்டு கல்வெட்டுதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம், ஒண்ணு சோழ ராஜா முதலாம் பராந்தகனோட 12ஆம் ஆட்சியாண்டு, இன்னொண்ணு 14ஆம் ஆட்சியாண்டு. படிக்க உக்காந்தா என்னென்ன தெரியுதுன்னு பாருங்க.

இது மொத்தத் தமிழ்நாட்டுக்கும் போட்ட சட்டம் இல்ல, உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து சபை தனக்குத்தானே போட்டுக்கிட்ட ஏற்பாடு. சதுர்வேதிமங்கலம்னா பிராமணர்களுக்குத் தானமா விட்ட ஊர். மத்த விவசாய ஊர்கள்ல "ஊர்"னு தனி அமைப்பு, வணிகர் ஊர்ல "நகரம்"னு இன்னொண்ணு.

யார் வரலாம்? 14ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி, வரி கட்டற நிலம் இருக்கணும், சொந்த மனைல வீடு கட்டி இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குக் கீழ, வேதம் படிச்சிருக்கணும். நிலம் கம்மியா, அரைக்கால் அளவுக்குத்தான் இருந்தாலும் ஒரு வேதம் தெரிஞ்சு, நாலு பாஷ்யத்துல, அதாவது விளக்கவுரைல, ஒண்ணை விளக்கவும் தெரிஞ்சா வரலாம்னு ஒரு சலுகை. காரியத்துல திறமை, நேர்மையான வழில வந்த பணம், சுத்தமான மனசு, இதெல்லாமும் கேக்குது. கடைசி மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்திருக்கக் கூடாது.

யார் வரக்கூடாதுங்கற பட்டியல்தான் என்னை ரொம்ப நேரம் உக்கார வச்சது. ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. அவன் மட்டும் இல்ல, அவனோட அப்பா, பிள்ளை, கூடப்பொறந்தவன், மாமன், மாமனார், மச்சான், மருமகன், அத்தை பிள்ளை, சித்தி பெரியம்மா பிள்ளைன்னு சொந்தபந்தம் மொத்தமும் வரிசையா வருது. மத்தவன் சொத்தைத் திருடினவன், பெரும் பாவம் பண்ணினவன், இப்படிப் போயிட்டே இருக்கு. இவ்வளவு நுணுக்கமா உறவு முறையை அடுக்கினவங்களுக்கு, பினாமியா மச்சானை உக்கார வச்சு ஊர்ப்பணத்தைச் சாப்பிட்டவன் யாரோ ஒருத்தன் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கணும்னு எனக்குத் தோணுது. இது என் ஊகம், கல்வெட்டு அப்படிச் சொல்லல, ஊகத்தை ஊகம்னே சொல்லிடணும்.

எப்படித் தேர்ந்தெடுத்தாங்க? முப்பது குடும்பு, அதாவது இப்போ நாம வார்டுன்னு சொல்ற மாதிரி பிரிவு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை ஓலைல எழுதி, அந்தக் குடும்போட பேரை மேல ஒரு ஓலைல எழுதிச் சேத்துக் கட்டி, குடத்துல போடறாங்க. சின்னவங்க பெரியவங்கன்னு மொத்த சபையும் கூடணும். கோயில் நம்பிமார்ல, அதாவது பூசாரிகள்ல, வயசான ஒருத்தர் குடத்தைத் தூக்கி எல்லாரும் பாக்கற மாதிரி நிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலைக்கட்டு ஒண்ணை எடுக்கணும், அதை வேற குடத்துல போட்டுக் குலுக்கி அதுலேர்ந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில குடுக்கணும். மத்தியஸ்தன் அதை அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கைல வாங்கணும்! ஏன்னு கல்வெட்டு சொல்லல, ஆனா ஓலையை மாத்தறதுக்கு வழியே இல்லாம பண்றாங்கன்னு படிக்கும்போதே தெரியுது. வாங்கி சத்தமாப் படிக்கணும், அங்க இருக்கற நம்பிமார் எல்லாரும் அதையே படிக்கணும், அப்புறம்தான் அந்தப் பேர் ஏத்துக்கப்படும். இப்படி வந்த முப்பது பேர்ல 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

இப்போ சொல்லுங்க, இதுல ஓட்டு எங்க இருக்கு? இது குலுக்கல். யாரும் யாருக்கும் ஓட்டுப் போடல. "குடவோலை"ங்கற சொல்லை "வாக்குப்பெட்டி"ன்னு யாரோ ஒருத்தர் மொழிபெயர்த்த நாள்லேர்ந்து அந்தப் படம் நம்ம மனசுல ஒட்டிக்கிச்சு. அக்கா பொண்ணு இதைப் படிச்சுட்டு கொஞ்சம் வாடிப் போயிட்டா, "அப்போ பெருமைப்பட ஒண்ணும் இல்லையா மாமா"ன்னு கேட்டா. எனக்கு அப்படித் தோணலம்மா, கணக்குக் காட்டாதவன் சொந்தக்காரனுக்குக் கூட பதவி இல்லன்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர் கல்லுல வெட்டி வச்சிருக்கு, எனக்கு அது போதும், இல்லாத ஓட்டை அது மேல ஏத்தி வைக்க வேண்டியதில்லன்னு சொன்னேன்.

இன்னொரு சின்ன விஷயம், வருஷம். எல்லா இடத்துலயும் "கி.பி. 921"னு போட்டிருக்கும். சுவர்ல 921 இல்ல. "மதிரை கொண்ட கோப்பரகேசரி"யோட, அதாவது அதே பராந்தகனோட, 14ஆம் ஆண்டுன்னுதான் இருக்கு. அந்த ராஜா எப்போ பட்டத்துக்கு வந்தான்னு தெரிஞ்சாதான் 14ஐக் கூட்ட முடியும். வேற கல்வெட்டுகள்ல இருக்கற நட்சத்திரம், திதி, கிழமையை வச்சு கீல்ஹார்ன்ங்கற ஜெர்மன் அறிஞர் கணக்குப் போட்டு 907னு ஆரம்பத்தை முடிவு பண்ணினார். ஆக 14ஆம் ஆண்டுங்கறது முதன்மை, 921ங்கறது இரண்டாம்நிலை, ஒரே வாக்கியத்துல ரெண்டும் சேந்து இருக்கு. இதைப் பிரிச்சுப் பாக்கப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்டெப் 5: மூலத்தையே குறுக்கு விசாரணை பண்ணுங்க

முதன்மைச் சான்றுன்னா உண்மைன்னு அர்த்தம் இல்ல. பக்கத்துல இருந்து வந்ததுன்னுதான் அர்த்தம். பக்கத்துல இருந்தவனும் பொய் சொல்லுவான், பயப்படுவான், பாதியைத்தான் பாத்திருப்பான்.

மொதல்ல, இது அசல்தானா? எழுத்தோட வடிவம் அது சொல்ற காலத்துக்குப் பொருந்துதான்னு கல்வெட்டுக்காரங்க பாப்பாங்க. நிலத்துக்கு உரிமை கொண்டாட பின்னாடி காலத்துல பழைய ராஜா பேர்ல தயார் பண்ணின போலிச் செப்பேடுகள் உண்டு, அதுல எழுத்து ஒரு காலம், தேதி ஒரு காலமா இருந்து காட்டிக்கொடுத்துடும். கோயில் திருப்பணி நடந்தப்போ பழைய கல்வெட்டைப் பாத்து மறுபடி வெட்டினதும் உண்டு, அது போலி இல்ல, ஆனா நகல்.

அடுத்தது, யார் பேசறாங்க, யார் கிட்ட, எதுக்கு? உத்திரமேரூர் கல்வெட்டு சபை பேசறது. விதி எப்படி இருக்கணும்னு சொல்லுது, எப்படி நடந்துச்சுன்னு சொல்லல. இது ரொம்ப முக்கியம். ஹெல்மெட் சட்டத்தை மட்டும் படிச்சுட்டு நம்ம ஊர்ல எல்லாரும் ஹெல்மெட் போட்டாங்கன்னு நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் எழுதினா எப்படி இருக்கும்? 12ஆம் ஆண்டு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு ரெண்டே வருஷத்துல அதைத் திருத்தி இன்னும் கறாரா எழுதறாங்க, அதுவும் கெட்டவங்க கெட்டு நல்லவங்க வளரணும்னு காரணம் சொல்லி. முதல் ஏற்பாடு சரியா வேலை செய்யலன்னு அதுலேர்ந்து ஊகிக்கலாம். ரெண்டு தடவையும் ராஜாவோட உத்தரவுப்படி அவர் அனுப்பின ஆள் கூட இருந்தார்னு கல்வெட்டே சொல்லுது, அதனால "முழு சுயாட்சி"ன்னு எழுதறதுக்கு முன்னாடியும் யோசிக்கணும்.

அப்புறம், யாரோட குரல் இல்ல? அந்தக் கால் நிலம் கூட இல்லாம அதே ஊர் வயல்ல எறங்கி உழுதவங்க இருந்திருப்பாங்க இல்லையா, அவங்க இந்தச் சுவர்ல பேசவே இல்ல. ஏரி வாரியத்துக்கு யார் வரலாம்னு இருக்கு, ஏரில மண் எடுத்தவங்க யாருன்னு இல்ல. எந்தச் சான்றைப் படிச்சாலும் இந்தக் கேள்வியை ஒரு தடவ கேட்டுடுங்க.

டைரி, கடிதம் மாதிரி தனி ஆள் எழுதினதுல இது இன்னும் கூர்மையா தெரியும். பாண்டிச்சேரில ஃப்ரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து 1761 வரைக்கும் தமிழ்ல டைரி எழுதினார். 1748ல இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியை முற்றுகை போட்டிருந்த நேரத்துல வேதபுரீஸ்வரர் கோயிலை ஃப்ரெஞ்சுக்காரங்க இடிச்சதை அவர் எழுதியிருக்கறதைப் படிச்சா இன்னிக்கும் மனசு கனக்கும், அந்த நாள்ல அந்த ஊர்ல இருந்து தமிழ்ல எழுதின சாட்சி அது. ஆனா அதே பிள்ளைக்கு டூப்ளேயோட மனைவியைப் பிடிக்காது, ரெண்டு பேருக்கும் கடைசி வரை பகை, அதனால அந்த அம்மாவைப் பத்தி அவர் எழுதற ஒவ்வொரு வரியையும் வேற சாட்சி இல்லாம அப்படியே எடுத்துக்கக் கூடாது. எந்தப் பொருள் என்ன விலை, எந்தக் கப்பல் எப்போ வந்துச்சுன்னு எழுதும்போது அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்ல. ஒரே ஆள், ஒரே டைரி, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒவ்வொரு அளவு நம்பிக்கை. அதோட இங்கிலீஷ்ல 1904லேர்ந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா வந்த மொழிபெயர்ப்பைத்தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டறாங்க, தமிழ் தெரிஞ்ச நாம அந்த இங்கிலீஷைத் திருப்பித் தமிழாக்கி மேற்கோள் காட்டறது சரியில்ல, தமிழ் மூலம் அச்சுல இருக்கற பகுதிக்கு அதையே தேடிப் படிங்க.

ஸ்டெப் 6: ஒண்ணை வச்சு முடிவு பண்ணாதீங்க, பக்கத்துல வச்சுப் பாருங்க

1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைல இந்தியச் சிப்பாய்ங்க கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்த விஷயத்தை எடுத்துக்கோங்க. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டோட மனைவி, ரெண்டு குழந்தையோட ஒளிஞ்சு தப்பிச்சவங்க, தான் பட்டதை எழுதி வச்சிருக்காங்க. நேர்ல இருந்த சாட்சி, புருஷனைப் பறிகொடுத்தவங்க, அந்த வலி உண்மை. ஆனா ஒளிஞ்சிருந்த இடத்துலேர்ந்து எவ்வளவு தெரியும்? சத்தம் கேட்டிருக்கும், பக்கத்துல நடந்தது தெரிஞ்சிருக்கும், சிப்பாய்ங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது. இன்னொரு பக்கம் கம்பெனி விசாரணைல சிப்பாய்ங்க குடுத்த வாக்குமூலம், அது தண்டனை பயத்துல, மொழிபெயர்ப்பாளர் வழியா, விசாரிக்கிறவன் கேட்ட கேள்விக்கு மட்டும் சொன்ன பதில். புதுசா வந்த தலைப்பாகை, நெத்தில சமயக்குறி வைக்கக் கூடாது, தாடியைச் சீர் பண்ணணும்ங்கற உத்தரவு, இதெல்லாம் கம்பெனியோட சொந்த ஆர்டர்லயே இருக்கு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா செத்த சிப்பாய் எத்தனைன்னு பாத்தா 350ங்கறவங்களும் உண்டு, 800ங்கறவங்களும் உண்டு. இந்த மாதிரி இடத்துல நடுவுல ஒரு நம்பரைப் போடாதீங்க, ரெண்டையும் சொல்லி, எது யார் சொன்னதுன்னு எழுதுங்க. "கலகம்"னு பேர் வச்சவன் ஒரு பக்கம், "புரட்சி"ன்னு பேர் வச்சவங்க ஒரு பக்கம், அந்தப் பேரே இரண்டாம்நிலைதான்.

கல்வெட்டுல ஒப்பிடறது வேற மாதிரி. ஜப்பான்லேர்ந்து வந்து வாழ்நாள் முழுக்க தமிழ்க் கல்வெட்டு படிச்ச நொபோரு கராஷிமா, ஒரு கல்வெட்டை எடுத்துக்கிட்டு கதை சொல்றதை விட்டுட்டு நூத்துக்கணக்குல எடுத்து எண்ணிப் பாத்தார். சுப்பராயலு, மட்சுயி இவங்களோட சேந்து சோழர் கல்வெட்டுல வர்ற ஆள் பேர்களை எல்லாம் தொகுத்து 1978ல வெளியிட்டாங்க. ஈசானமங்கலம்ங்கற பிரமதேய (பிராமணர்களுக்குத் தானமா விட்ட) ஊரையும் அல்லூர்ங்கற விவசாய ஊரையும் பக்கத்துல வச்சு, நிலம் யார் கையில எப்படி இருந்துச்சுன்னு அவர் ஒப்பிட்ட கட்டுரை, இந்த முறையைக் கத்துக்க எனக்குத் தெரிஞ்ச நல்ல பாடம். நீங்க நூறு கல்வெட்டு பாக்க வேண்டாம், உத்திரமேரூர்லயே பல்லவர் காலத்துலேர்ந்து நெறைய இருக்கு, வேற ஒரு அஞ்சு எடுத்துப் படிச்சாலே இந்த ரெண்டு கல்வெட்டு எவ்வளவு அபூர்வம்னு புரிஞ்சுடும்.

ஸ்டெப் 7: திரும்பி வந்து ஆராய்ச்சியாளர்கள் சண்டையைப் படிங்க

மூலத்தைப் படிச்சுட்டு இரண்டாம்நிலை புக்குக்குத் திரும்பினா அது வேற புக்கா தெரியும். நீலகண்ட சாஸ்திரி சோழ அரசை நல்லா அமைப்பு உள்ள, மேலேர்ந்து கீழ வரைக்கும் நிர்வாகம் ஓடின பெரிய அரசா பாத்தார். 1980ல பர்ட்டன் ஸ்டெய்ன் வந்து இல்லல்ல, நாடுங்கற சின்னச் சின்ன பகுதிகள் தன்னிச்சையா இயங்குச்சு, ராஜாவோட நேரடிப் பிடி மையத்துல மட்டும்தான்னு வாதாடினார். கராஷிமாவும் சுப்பராயலுவும் கல்வெட்டுகளை எண்ணி வச்சு ஸ்டெய்னை மறுத்தாங்க. எல்லாரும் படிச்சது பெரும்பாலும் அதே கல்வெட்டுகள்தான்! இதைப் பாத்துட்டு "அப்போ ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதையும் நம்ப முடியாது"ன்னு போயிடாதீங்க. எந்தக் கல்வெட்டை யார் முன்னாடி வச்சாங்க, எதை விட்டாங்க, அவங்க எந்தக் காலத்துல உக்காந்து எழுதினாங்கன்னு பாருங்க. "சுயராஜ்யம் உங்களுக்குப் புதுசு"ன்னு வெள்ளைக்காரன் சொல்லிட்டிருந்த காலத்துல, எங்க கிட்ட ஆயிரம் வருஷமா இருக்குன்னு காட்டறது இங்க எழுதினவங்களுக்கு ஒரு தேவை. அது புரிஞ்சா உத்திரமேரூர் ஏன் இவ்வளவு பிரபலமாச்சுங்கறதும் புரியும்.

ஸ்டெப் 8: எழுதும்போது

ஒரு நோட்டுல பக்கத்தை மூணா பிரிச்சுக்கோங்க. சான்று சொல்றது அப்படியே, ஆராய்ச்சியாளர் சொல்றது பேரோட, நான் நெனக்கிறது. மூணும் கலக்கவே கூடாது. கட்டுரை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியமும் இந்த மூணுல எந்தப் பகுதிலேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியணும். நேரா பாக்காத மூலத்தை பாத்த மாதிரி எழுதாதீங்க, "வெங்கய்யா மொழிபெயர்ப்பின் வழியாக"ன்னு எழுதறதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. லிங்க் போட்டா எந்தத் தேதில பாத்தீங்கன்னு போடுங்க, வெப்சைட் நாளைக்கே மாறிடும், சுவர் மாறாது.

அக்கா பொண்ணு பன்னெண்டு பக்கத்தைத் திருப்பி எழுதினா, ஏழு பக்கம் வந்துச்சு. முதல் வாக்கியம் "உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் சபை, தன் வாரியங்களுக்கு வரத் தகுதியுள்ளவர் யார் என்பதை பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டில் இவ்வாறு வரையறுத்தது". அதைப் படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு உத்திரமேரூர் போனோம். நீங்களும் போறதா இருந்தா, காஞ்சிபுரத்துலேர்ந்து பஸ்லயே போயிடலாம். காலைல சீக்கிரமோ சாயங்காலமோ வெயில் சாஞ்சு சுவர்ல படற நேரமா பாத்துப் போங்க, அப்போதான் எழுத்துக் குழில நிழல் விழுந்து கண்ணுக்குத் தெரியும், உச்சி வெயில்ல வெறும் கல்லுதான் தெரியும். எழுத்து தெரியணும்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீங்க, கல்லு கெட்டுடும், ஒரு டார்ச்சை பக்கவாட்டுல புடிச்சாலே போதும். அச்சுல இருக்கற வாசகத்தை ப்ரிண்ட் எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. அவ முக்கா மணி நேரம் தேடி "யாண்டு"ங்கற (ஆண்டுங்கறதோட பழைய வடிவம்) சொல்லைத் தானே கண்டுபுடிச்சு, "மாமா இங்க இருக்கு, இங்க இருக்கு"ன்னு கத்தினா.